கன்று போட்ட வாடகை வீடு

செங்காட்டுப் புதூர் மூன்றாவது வீதியில் துளசிமணி வாடகைக்கு விட்டிருந்த வீடு, ஆடிக் காற்று வீதியின் புழுதியையெல்லாம் வாரி வாசல்களுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில், கொல்லைப்புறத்து முருங்கை மரத்துக்கும் துணி துவைக்கிற கல்லுக்கும் நடுவே கன்று போட்டது. துளசிமணி அப்போது பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்று, தையல் விட்டுப்போன பனியன்களைத் தனியாகவும் நல்லதைத் தனியாகவும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் குடியிருக்கிற பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. பேச்சி போன் செய்தால் செலவு வருகிறது என்று அர்த்தம். குழாய் ஒழுகும், கக்கூஸ் அடைத்துக்கொள்ளும், மழை பெய்தால் சமையலறைச் சுவரில் ஈரம் இறங்கும். அதனால் துளசிமணி எடுத்த எடுப்பிலேயே, “இந்த மாசம் எதுவும் பண்ண முடியாது புள்ள, சொல்லிப்போட்டேன்” என்றாள்.

“அதில்லக்கா. வீடு ஈண்டிருச்சு” என்றாள் பேச்சி. “தாயும் கன்னும் நல்லாருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

துளசிமணி சூப்பர்வைசரிடம் லீவு சொல்லிவிட்டு, அரைநாள் சம்பளம் போச்சே என்று வயிறெரிந்துகொண்டே டவுன் பஸ் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது வீதியே கொல்லைப்புறத்தில் நின்றது. தாய்ச் சுவரை ஒட்டி, கோழிக்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் சுண்ணாம்பு நீர் சொட்டச் சொட்ட, ஒரு கதவும் ஒரு ஜன்னலும் மொட்டை மாடியுமாக ஒரு சின்ன வீடு எழுந்து நிற்கப் பார்த்து, நிற்க முடியாமல் ஒரு மூலை சரிந்து, மறுபடியும் எழுந்துகொண்டிருந்தது. பேச்சி தன் பழைய சேலையால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஓட்டு வீடா, தார்சு வீடா?” என்று பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். “தார்சுதான், மொட்டை மாடி இருக்குது” என்று முன்னால் நின்றவர்கள் சொன்னார்கள். “பரவாயில்லையே, வாடகை நல்லா வரும்” என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அந்த வீடு துளசிமணியுடையது என்று பெயர். இருபத்திரண்டு வருசம் பவர்டேபிளில் உட்கார்ந்து தைத்து, கண் மங்கி, இனித் தைக்க முடியாது என்று கம்பெனியே செக்கிங்குக்கு மாற்றியபோது, சேர்த்து வைத்திருந்த பி.எஃப். பணத்தையும் புருசன் செத்தபோது வந்த இன்சூரன்சையும் மொத்தமாகக் கொண்டுபோய் முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கியில் கடன் வாங்கி அவள் வாங்கிய வீடு அது. வாங்க வைத்தவர் புரோக்கர் சென்னியப்பன். “வாடகையே தவணையைக் கட்டிருமுங்க, அம்மிணி. நீங்க கையக் கட்டிட்டு உக்காந்திருந்தாப் போதும். பதினஞ்சு வருசம் கழிச்சு வீடு சும்மா வந்த மாதிரி” என்று அவர் சொன்னார். தவணை மாதம் ஒன்பதாயிரத்து அறுநூறு. வாடகை ஏழாயிரத்து ஐநூறுக்கு மேல் ஒருத்தரும் தரவில்லை. வீடு காலியாகக் கிடக்கிற மாதமும் தவணை உண்டு என்று சென்னியப்பன் சொல்லவில்லை. வீட்டு வரியும் தண்ணி வரியும் வருசம் தப்பாமல் வரும் என்றும் சொல்லவில்லை. வட்டி ஏறினால் தவணை ஓடுகிற வருசமும் கூடவே ஏறும் என்பதை வங்கிக்காரர்களும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. துளசிமணியும் கணக்குத் தெரியாதவள் அல்ல. வருகிற வாடகையில் தவணைக்கு இவ்வளவு, வரிக்கு இவ்வளவு, காலியாகக் கிடக்கிற மாதத்துக்கு இவ்வளவு, ரிப்பேருக்கு இவ்வளவு என்று நாலு பங்காகப் பிரித்து வைக்கத்தான் நினைத்தாள். முதல் பங்கு மற்ற மூன்றையும் தின்றுவிட்டு, அவளுடைய செக்கிங் சம்பளத்திலும் வாய் வைத்தது. அவள் இன்னும் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில்தான் வாடகைக்குக் குடியிருந்தாள். சொந்த வீட்டில் அடுத்தவர்களை வைத்துவிட்டு அடுத்தவர் வீட்டில் தான் இருக்கிற இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு யார்மீது என்று தெரியாமல் ஒரு கோபம் மூண்டு, கடைசியில் அது போன் செய்கிற பேச்சிமீது போய் விழும்.

வீதி அந்தப் பிறப்பை வீதிக்கே உரிய முறையில் ஏற்றுக்கொண்டது. வாசல் நிலைக்கு மஞ்சள் பூசினார்கள். மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டு, கன்றுக்குச் சளி இல்லை, வெயில் படாமல் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, ஊசி போட இடம் தெரியாமல் சும்மாவே பீஸ் வாங்கிக்கொண்டு போனார். தாய் வீட்டுக் குழாயில் முதல் சில நாட்களுக்கு மஞ்சளாக, கெட்டியாக, இனிப்பான தண்ணீர் வந்தது. அதைப் பேச்சி கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டுக் காய்ச்சி, தம்ளர் தம்ளராக வீதிக்கெல்லாம் கொடுத்தாள். அதற்கப்புறம் நல்ல தண்ணீர் பெருகி வந்தது. கோடையில்கூட வற்றாத குழாய் என்று மற்ற வீதிக்காரர்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். மின்வாரியத்து ஆள் வந்து கன்றுக்குத் தனி மீட்டர் வேண்டுமென்றால் தனிப் பட்டா வேண்டும் என்றார். வாடகை வீடு வைத்திருந்த மற்றவர்கள் அதிகாலையில் எழுந்து தங்கள் வீடுகளைச் சுற்றி வந்து, சுவர் எங்காவது உப்பியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார்கள். உப்பியிருந்தவர்கள் வாடகையை ஏற்றினார்கள், உப்பாதவர்கள் குடியிருக்கிறவர்களின் ராசி சரியில்லை என்று அவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வட்டாரத்தில் இன்னும் பல வீடுகள் கன்று போட்டுவிட்டன. சென்னியப்பன் தன் விளம்பரத் தட்டிகளில் சதுர அடி, தண்ணீர் வசதி, பஸ் வசதி என்கிற வரிசையில் “ஈத்து கண்ட வீடு” என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

கன்று பேச்சியிடம்தான் ஒட்டிக்கொண்டது. அவள் காலையில் அதன் தரையைக் கழுவி, மாலையில் ஜன்னலைத் துடைத்து, வாரத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்தாள். லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருசன் ஒச்சப்பன், கட்டடம் கட்டுகிற இடங்களில் சிந்திக் கிடக்கிற சிமெண்டைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தான். புரட்டாசியில் அது ஒரு ஆள் நுழைகிற அளவாயிற்று. ஐப்பசியில் ஒரு கட்டில் போடுகிற அளவாயிற்று. துளசிமணி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, சாணால் அதை அளந்து பார்த்து, தை மாதத்துக்குள் இதை மூவாயிரத்துக்கு விட்டால் தவணையில் துண்டு விழாது, ஐயாயிரத்துக்கு விட்டால் கடனை நாலு வருசம் முன்னாலேயே முடித்துவிடலாம் என்று மனதுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியைப் பேச்சி பார்த்ததே இல்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டாள்.

“யக்கா, எங்க ஊருப் பக்கம் மாட்டை வாரத்துக்கு விடுவாக. மாடு ஒருத்தரோடது, மேய்க்கிறது இன்னொருத்தரு. தலையீத்துக் கன்னு மேய்ச்சவுகளுக்கு. அடுத்த ஈத்து மாட்டுக்காரவுகளுக்கு.”

“எங்க ஊர்லயும்தான் விடுவாங்க. அதுக்கு?”

“நாலு வருசமா இந்த வீட்டை நான்தேன் பாத்திருக்கேன். அடுப்படிச் செவுத்துல தண்ணி எறங்குதுன்னு எத்தனை தடவை சொன்னேன், பாக்கலாம் பாக்கலாம்னீக. நானே பூசுனேன். மாடியில வெடிப்பை நானே அடைச்சேன். நான் பாக்காட்டி இது ஈண்டிருக்குமாக்கா? சினையே பிடிச்சிருக்காது.”

துளசிமணிக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. “ஓஹோ! சாந்து பூசுனதுக்குச் சொத்துல பங்கா? இது மாடு இல்ல புள்ள, என்ற வீடு. ரத்தத்தைக் கொட்டி வாங்கின வீடு. மாசாமாசம் தவணை நீயா கட்டறே? வீட்டைச் சேர்ந்தது எல்லாமே வீட்டுக்காரிக்குத்தான். இருக்கப் பிடிச்சா இரு, இல்லாட்டிக் காலி பண்ணு!”

“காலி பண்ணச் சொல்லுற வாய்க்கு, ஒழுகுதுன்னு சொல்லும்போது ஒரு பதிலு இல்லையேக்கா” என்றாள் பேச்சி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் கன்றின் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்கப்புறம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடகையை மட்டும் ஒச்சப்பன் கொண்டுவந்து கொடுத்தான்.

கார்த்திகையில் பேரூராட்சியிலிருந்து ஆள் வந்தார். கன்றை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அனுமதி பெறாத கட்டடம் என்று எழுதி, துளசிமணியை ஆபீசுக்கு வரச் சொன்னார்.

“நான் கட்டலீங்க. அதாப் பொறந்தது” என்றாள் துளசிமணி.

“பொறக்கறதுக்கு முன்னாடியே பிளான் போட்டுக் குடுத்து அப்ரூவல் வாங்கியிருக்கணும்மா. வாங்கலை. அதுக்கு அபராதம். பொறந்த தேதியிலிருந்து வீட்டு வரி. ரெண்டையும் கட்டினா ரெகுலர் பண்ணிக் குடுத்துருவோம். இல்லாட்டி இடிக்கிறதுதான்.”

“பொறந்ததுக்கு அபராதமுங்களா?” என்று அவள் கேட்ட குரலில் ஆபீசே திரும்பிப் பார்த்தது, திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அவரவர் வேலையைப் பார்த்தது. அவள் கட்டினாள். தவணைக்கு வைத்திருந்த பணத்தைக் கட்டினாள், அடுத்த தவணைப் பணத்தையும் கட்டினாள், போதாததற்குக் காதிலிருந்ததைக் கழற்றி அடகு வைத்துக் கட்டினாள். அபராதத்துக்குக் கட்டியதால் தவணை நின்றது. தவணை நின்றதால் வங்கி கூப்பிட்டது.

வங்கி மேனேஜர் சின்ன வயசுக்காரர். மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்து, மரியாதையாகவே சொன்னார். கடன் பத்திரத்தில் சொத்தும், சொத்தைச் சேர்ந்த எல்லாமும், சொத்தில் இனி உண்டாகப்போகிற எல்லாமும் அடமானம் என்று இருக்கிறது. மூன்று தவணை பாக்கி. தாய் வீட்டை ஜப்தி செய்ய அவருக்கு மனசில்லை. கன்றை எடுத்து ஏலம் விட்டால் பாக்கி தீர்ந்து, கொஞ்சம் அசலும் குறையும். இந்த வட்டாரத்தில் இப்போது எல்லா வங்கியும் அப்படித்தான் செய்கிறது. “கன்று உங்களோடதுதான், உங்க சம்மதத்தோட எடுத்துக்கறோம்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கம்மா.”

துளசிமணி வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். அவள் போய் யோசித்தது பேச்சியின் வாசலில். விசயத்தைக் கேட்டதும் பேச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “குடுத்துராதீகக்கா. தாயி தவிச்சுப்போகும். இன்னும் பால்மறக்காத கன்னு. நான் வேணா வாடகையைச் சேத்துத் தாரேன்.” அந்தக் கையின் காய்ப்பும், நகக்கண்ணில் இருந்த சுண்ணாம்பும் துளசிமணியை இளக்கியிருக்க வேண்டும். ஆனால் இளகினால் வீடே போய்விடும் என்கிற பயம், கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது. “என்ற வீடு, என்ற கன்னு. நான் என்ன வேணா பண்ணுவேன்” என்று சொல்லிக் கையை உதறிவிட்டுப் போய் அவள் கையெழுத்துப் போட்டாள்.

கிரேனும் லாரியும் பட்டப்பகலில் வந்தன. கன்று முதலில் விளையாட்டென்று நினைத்துக் கதவை ஆட்டியது. இடுப்பில் சங்கிலி இறுகியதும் ஜன்னல் இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டது. பேச்சி லாரிக்குக் குறுக்கே நின்றாள்; ஒச்சப்பன் அவளைத் தூக்கி ஓரமாக வைத்தான், வைத்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டான். வீதி வேடிக்கை பார்த்தது. துளசிமணி எதிர்வீட்டு நிழலில் நின்றாள். லாரி வளைவு திரும்பும்போது தாய் வீட்டின் கதவுகள், ஜன்னல்கள், அலமாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சாலைப் பக்கமாகத் திறந்து, கீல்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டன. அந்தச் சத்தத்தை அதற்கு முன்னால் அந்த வீதி மாட்டுக்கொட்டகைகளில் மட்டும்தான் கேட்டிருந்தது.

மறுநாள் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மோட்டார் சரி, குழாய் சரி, பூமிக்கடியில் தண்ணீர் இருந்தது, வீடுதான் தரவில்லை. கதவுகள் சாத்த மறுத்தன. பேச்சி பூசிய பூச்சு பாளம் பாளமாக உதிர்ந்தது. குடத்தோடு வந்து நிற்கிறவர்கள் வெறும் குடத்தோடு திரும்பிப் போனார்கள்; போகிறபோது துளசிமணியைத் திட்டிக்கொண்டு போனார்கள். கன்று எடுக்கப்பட்ட வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான் என்று செய்தி வந்தது. ஆனால் எடுப்பது நிற்கவில்லை. தண்ணீர் லாரிக்காரர்கள் விலையை ஏற்றிக்கொண்டார்கள். வாடகையோடு தண்ணீர்ச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று சென்னியப்பன் புதிதாக வீடு வாங்க வருகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். கீல் கத்துகிற சத்தம் கேட்டுத் தூங்கப் பழகிக்கொண்டது ஊர். எந்த அநியாயத்துக்கும் இரண்டு வாரத்தில் பழகிவிடுகிற ஊரைப் பார்த்துத் துளசிமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் தானும் ஒருத்தி என்பதில் இன்னும் அதிகமாக.

பிறகு ஒருநாள் சென்னியப்பன் ஒரு தள்ளுவண்டியில் எதையோ கோணியால் மூடி எடுத்துக்கொண்டு வந்தார். துளசிமணியும் வரவேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார். கோணியை எடுத்தார். பிளைவுட்டில் செய்த ஒரு சின்ன வீடு. கதவும் ஜன்னலும் பெயிண்டில் வரைந்திருந்தது. ஒரு மூலையில் வைக்கோல் பிதுங்கிக்கொண்டிருந்தது.

“கன்னு செத்த மாட்டுக்கு முன்னால வைக்கோல் கன்னு நிறுத்தறதில்லீங்களா? அதே டெக்னிக்தானுங்க. இதைக் கொல்லையில வெச்சுட்டீங்கன்னா தாய் ஏமாந்து தண்ணி விட்டுரும். தெற்கு வீதியில வெச்சு நல்லா வேலை செய்யுதுங்க. விலை ரொம்ப இல்ல. வங்கியில இதுக்கும் தனியாக் கடன் தர்றாங்க.”

பேச்சி குனிந்து அந்தப் பலகையைத் தொட்டாள். விரலில் வெள்ளை ஒட்டியது. மோந்து பார்த்தாள். “இது என் கன்னோட சுண்ணாம்பு” என்றாள்.

“ஆமாங், வாசனைக்கு வேணுமில்லீங்களா? கன்னுகளை அடைச்சு வெச்சிருக்கற ஏலக் கொட்டாரத்துல சொல்லிச் செவுத்துல கொஞ்சம் சுரண்டி வாங்கிட்டு வந்தேன்.”

துளசிமணி தள்ளுவண்டியின் கைப்பிடியைச் சென்னியப்பனிடமிருந்து பிடுங்கினாள். வாழ்க்கையில் கோபம் வந்தபோதெல்லாம் அது தனக்குக் கீழே இருக்கிற ஆளைத் தேடிப் போனது அவளுக்கு அப்போது தெரிந்தது; இந்த முறை அதைத் தானே இழுத்துப் பிடித்து, திருப்பி, மேலே பார்த்து ஓட்டினாள். “வா புள்ள” என்றாள் பேச்சியிடம். “எங்கிட்டுக்கா?” என்று கேட்டுக்கொண்டே பேச்சி வண்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். சென்னியப்பன் “என்ற வண்டிங்க, என்ற வண்டிங்க” என்று கொஞ்ச தூரம் ஓடி வந்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டார்.

வங்கிக்குள் தள்ளுவண்டி நுழையவில்லை. துளசிமணியும் பேச்சியும் வைக்கோல் கன்றை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போய், மேனேஜர் மேசையின் மேல், கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்கள்.

“என்னம்மா இது?”

“நீங்க கடன் குடுத்து எங்களுக்கு விக்கற கன்னுங்க. உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க கன்னைக் குடுங்க.”

“உங்க பத்திரத்துல தெளிவா இருக்கும்மா. சொத்தைச் சேர்ந்த எல்லாமும்...”

“அதுதானுங்க நானும் சொல்ல வந்தேன். கன்னு என்னைச் சேர்ந்ததில்ல. இவளைச் சேர்ந்தது. வீட்டை நான் வாரத்துக்குத்தான் விட்டிருந்தேன். தலையீத்து மேய்ச்சவளுக்கு. என்ற கடனுக்கு இவ கன்னை எப்படீங்க எடுப்பீங்க?”

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வாரம் கீரம்னு ஒரு வழக்கமே எங்ககிட்ட இல்லைம்மா.”

“வீடு கன்னு போடும்னு இருந்துச்சுங்களா உங்ககிட்ட? அதை மட்டும் உடனே ஒத்துக்கிட்டீங்களே! எடுக்கறதுக்குன்னா எந்த அதிசயத்தையும் ஒத்துக்குவீங்க. குடுக்கறதுக்குன்னா மட்டும் ரூல்சு!”

வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். யாரோ ஒருவர் “அப்படிக் கேளுங்க” என்றார்.

“அன்னைக்கு உங்க கன்றுதான்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?” என்றார் மேனேஜர்.

பேச்சி நிமிர்ந்து துளசிமணியைப் பார்த்தாள். கடன் நாலு வருசம் முன்னாலேயே முடிகிற கணக்கு, சாணால் அளந்து அளந்து துளசிமணி மனதுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கு, அந்த இடத்தில் முடிந்தது.

“போட்டேன். பொய்க் கையெழுத்து. ரிப்பேருக்கு ஒத்தப் பைசா ஒதுக்காதவ, ரிப்பேர் பண்ணினவ கன்னை என்னோடதுன்னு சொல்லிப் போட்ட கையெழுத்து. அதுக்கு என்ன தண்டனையோ எனக்குக் குடுங்க. தவணை பாக்கியை நான் கட்டறேன், வட்டியோட கட்டறேன், செத்தாலும் கட்டறேன். கன்னைக் குடுங்க.”

தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும், திங்கட்கிழமை ஏலம், அதற்குள் பதில் வராது என்றார் மேனேஜர். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு பெண்களும் வெளியே வந்து, ஏலக் கொட்டாரம் இருக்கிற பக்கமாக நடந்தார்கள்.

அது ஊருக்கு வெளியே, மூடிப்போன சாயப்பட்டறை ஒன்றின் காம்பவுண்டு. உள்ளே வீதி வீதியாகப் பிடித்துவந்த கன்றுகள், கதவில் அரக்கு முத்திரையோடு, நெருக்கி நெருக்கி நிறுத்தப்பட்டிருந்தன. பல கன்றுகளின் சுவர் சுரண்டப்பட்டிருந்தது. கேட்டில் நின்ற காவல்காரர் ரசீது கேட்டார். துளசிமணி, “ரசீது வாங்கிட்டா பெத்துது?” என்று அவரிடம் சண்டைக்குப் போனாள். பேச்சி சண்டை போடவில்லை. கம்பியில் முகத்தை வைத்து, மந்தை திரும்புகிற நேரத்தில் அவள் ஊரில் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து நீளமாக, “ம்ப்பா... ம்ப்பா...” என்று கூப்பிட்டாள்.

காம்பவுண்டு முழுக்க ஜன்னல்கள் திரும்பின. எங்கோ பின்வரிசையில் ஒரு முத்திரை உடைகிற சத்தம் கேட்டது. இளைத்துப்போய், ஒரு பக்கச் சுவர் செங்கல் தெரியச் சுரண்டப்பட்டு, அவர்களுடைய கன்று மற்றவற்றை இடித்துக்கொண்டு வந்தது. காவல்காரர் அதைப் பார்த்தார், கேட்டைப் பார்த்தார், தன் வீட்டை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, “நான் டீ குடிக்கப் போயிருந்தேன்னு சொல்லிக்கறேன்” என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தார். அவர் திரும்பவும் போட மறந்ததால், அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தச் சுற்று வட்டாரத்து வீதிகளில் கன்றுகள் தத்தம் வீடு தேடித் திரிந்தன.

வங்கி வழக்குப் போட்டது. அந்த வழக்கு இன்றைக்கும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. வாரத்து வழக்கம் சட்டத்தில் உண்டா இல்லையா என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் தடித்தடியாகப் புத்தகம் புரட்டுகிறார்கள். துளசிமணி பாக்கியைக் கட்டி முடிக்க மூன்று வருசமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பனியன்களில் நூல் பிசிர் வெட்டப் போய், அதில் வருகிறதை அப்படியே கட்டினாள். தாய் வீட்டு ரிப்பேருக்கு ஒதுக்குகிற பங்கை அவள் அதற்கப்புறம் வேறு எதற்கும் எடுக்கவில்லை. கன்று பேச்சியுடையது. அவள் அதை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை, அதில் தானே குடிபோனாள். காலியான தாய் வீட்டில், தகரக் கூரை அறையைக் காலி செய்துவிட்டு, துளசிமணி முதல்முறையாகச் சொந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தாள். வாடகை போச்சே என்று மாதம் ஒருமுறை புலம்பவும் செய்தாள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, வெயில் சாயத் தொடங்குகிற நேரத்தில், மெயின்ரோட்டில் பேச்சி முன்னால் நடக்க, கன்று அவள் முந்தானையை வாசற்கதவால் கவ்விக்கொண்டு பின்னால் வர, துளசிமணி கடைசியில் வந்தாள். பனியன் மூட்டை ஏற்றிய வேன்களும், ஷிப்ட் விட்டு வருகிற மொபெட்டுகளும், காலேஜ் பஸ்ஸும் அவர்களுக்குப் பின்னால் தேங்கின. முதலில் நின்ற டவுன் பஸ் டிரைவர் கையை எடுக்காமல் ஹாரன் அடித்தார். கன்று மிரண்டு சாக்கடைப் பக்கம் ஒதுங்கியது. துளசிமணி திரும்பி நடந்துபோய் பஸ்ஸின் முன்கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

“ஏனுங், கண்ணு தெரியலீங்களா? கன்னு போகுது!”

“வீடெல்லாம் ரோட்டுல ஓட்டிட்டு வந்தா பஸ் எப்படிம்மா போறது?”

“அது நடக்கற வேகத்துலதான் போகோணும். உங்களுக்கு ஒரு டிரிப்பு, அதுக்கு அம்மா!”

டிரைவர் இன்ஜினை அணைத்தார். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக அணைத்தார்கள். அதற்கப்புறம் அந்த ரோட்டில், செங்கல் அடி தாரில் தேய்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

மூன்றாவது வீதி வளைவு திரும்பியதும் தாய் வீடு கண்டுகொண்டது. கதவுகள் அடித்துக்கொண்டன. கன்று பேச்சியின் முந்தானையை விட்டுவிட்டு ஓட்டமாக ஓடி, கொல்லைப்புறம் போய், தாய்ச் சுவரில் தன் சுரண்டுபட்ட பக்கத்தை வைத்து அழுத்திக்கொண்டது. வீதி ஜனம் சத்தமில்லாமல் நின்று பார்த்தது. குழாய் முதலில் இருமியது, காற்று வந்தது, செந்நீராகக் கொஞ்சம் வந்தது, அப்புறம் கட்டை விரல் தடிமனுக்கு வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு கொட்டியது. அத்தனை நாள் தண்ணீருக்குக் காசு கொடுத்து ஓய்ந்துபோயிருந்த பெண்கள் குடங்களை எடுக்க ஓடினார்கள். பேச்சியும் பழக்க தோசத்தில் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

துளசிமணி குறுக்கே போய் அவள் கையைப் பிடித்தாள். மூச்சு இரைத்தது, கோபம் இன்னும் முகத்தைவிட்டு இறங்கவில்லை.

“பக்கெட்டைக் கீழ வை, புள்ள” என்றாள். “மொதல்ல கன்னு குடிக்கட்டும்.”